தோற்கிற அணியை விடமாட்டேன், காசு மட்டும் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு தம்பி எழுதிய கடிதத்தைப் படித்தேன். தொடர்ந்து தோற்கிற அணிக்கு ஆதரவு கொடுப்பது நேரத்தை வீணாக்குகிற வேலை, படம் சரியில்லையென்றால் இடைவேளையோடு எழும்பி வருகிறோம்தானே, அணியை மட்டும் ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் எழுதியது கிரிக்கெட்டைப் பற்றி. நான் பேஸ்போலை வைத்துப் பதில் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பேஸ்போலா என்று சிரிக்க வேண்டாம், அக்காவோ தம்பியோ கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிற வீடுகளில் இது இப்போது சாதாரணக் கதை. ரொறன்ரோவில் இரவு ஏழு மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் எங்களுக்கு விடிய நாலரைக்கு வரும், நேரத்தோடு எழும்புகிற என்னைப் போன்ற ஆளுக்கு வசதியான நேரம்தான். பள்ளியில் தடியால் பந்தடித்து ஓடுகிற எல்லே விளையாடியவர்களுக்கு ஆட்டம் விளங்க அரை மணித்தியாலம் காணும். அடித்துவிட்டு ஓட வேண்டும், சுற்றி வீட்டுக்கு வர வேண்டும், மிச்சமெல்லாம் போகப் போகப் பிடிபடும்.

அக்காவுக்கு இரண்டு பொடியன்கள். இருவரும் சின்ன வயதிலிருந்து ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணியின் ஆட்கள். அந்த அணி 1992இலும் 1993இலும் அடுத்தடுத்து உலகத் தொடரை, அதுதான் அமெரிக்கப் பேஸ்போலின் இறுதிக் கிண்ணம், வென்றது, இவர்கள் பிறப்பதற்கு முன்னம். அதற்குப் பிறகு 2015 வரைக்கும் இறுதிச் சுற்றுகளின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஆகவே பொடியன்கள் கேட்டு வளர்ந்ததெல்லாம் தகப்பன் சொன்ன பழைய புகழ்தான், கண்ணால் கண்டது தோல்வி. 2023 டிசம்பரில் பேஸ்போலின் பெரிய நட்சத்திரமான ஜப்பான்காரர் ஒத்தானி ஜேய்ஸில் சேர ரொறன்ரோவுக்கு விமானம் ஏறிவிட்டார் என்று ஒரு செய்தி கிளம்பியது. நகரமே இணையத்தில் அந்த விமானத்தின் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்க, வந்து இறங்கியது வேறு யாரோ. அடுத்த நாள் ஒத்தானி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணிக்கு 10 வருடத்துக்கு 70 கோடி டொலருக்குப் போகிறார் என்று அறிவித்தார்கள். 2024இல் ஜேய்ஸ் 74 ஆட்டம் வென்று 88 தோற்று, ஐந்து அணிகள் உள்ள தங்கள் பிரிவில் கடைசியாக வந்தது. இளையவன் அந்த வருடம்தான் டொட்ஜர்ஸ் பக்கம் கட்சி மாறினான். "மாமா, வெல்லுற ரீமைப் பார்க்கிறதுதானே சந்தோசம்" என்றான். சொல்லி வாய் மூட முன்னம் டொட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றது. சரி, அவனுக்குக் கணக்குச் சரியாகத்தான் வந்தது.

அடுத்த வருடம் நடந்ததைப் பேஸ்போல் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முந்தின வருடம் கடைசியாக வந்த அதே ஜேய்ஸ் 2025இல் தன் பிரிவில் முதலாவதாக வந்து, உலகத் தொடரில் டொட்ஜர்ஸையே எதிர்கொண்டது. ஒரே வீட்டில் இரண்டு கட்சி. ஏழு ஆட்டத்தில் நாலு வென்றவனுக்குக் கிண்ணம். மூன்றாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது 18 இன்னிங்ஸ் போய், நாங்கள் இங்கே மத்தியானச் சோற்றுக்கு இருக்கும்போதுதான் முடிந்தது. ஏழாவது ஆட்டம் எங்களுக்கு நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு. ஜேய்ஸ் 4க்கு 3 என்று முன்னால் நிற்கிறது, இன்னும் இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் 32 வருடக் காத்திருப்பு முடிகிறது, அந்த நேரம் பார்த்து டொட்ஜர்ஸில் பெரிய அடிகாரர் என்று பெயரில்லாத றோஹாஸ் எங்கள் சிக்ஸர் மாதிரி வேலிக்கு வெளியே ஒரு ஹோம் ரன் அடித்தார். சமன். பதில் ஆட்டத்தில் மூன்று பேஸிலும் ஜேய்ஸ் ஆட்கள், ஒரே ஒரு ஓட்டம் போதும், ஓட்டம் முடிகிற வீட்டுத் தட்டுக்கு ஓடி வந்தவர் ஒரு சப்பாத்து நீளத்தால் பிந்தினார். பதினோராவது இன்னிங்ஸில் 5க்கு 4 என்று எல்லாம் முடிந்தது. ஏழு ஆட்டத்தையும் கூட்டிப் பார்த்தால் ஜேய்ஸ் 34 ஓட்டம், டொட்ஜர்ஸ் 26. கூட எடுத்தவன் தோற்றான். அந்தக் கணக்கை நான் அன்று மத்தியானம் ஒரு பழைய கொப்பியின் பின் மட்டையில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன், இரண்டு தரம்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு வென்றது இளையவன். அக்கா வீட்டின் கீழ் அறையில் சொந்தக்காரரும் பக்கத்து வீட்டுக்காரருமாக ஒரு கூட்டம், எல்லாரும் நீலச் சேர்ட்டு, ஒருவர் வாயிலும் சத்தமில்லை, கொத்து ரொட்டி ஆறிப்போய்க் கிடக்கிறது. வென்றவன் துள்ளியிருக்க வேண்டும். அவன் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான் என்று அக்கா சொன்னா. யாரோடு கொண்டாடுவது? லொஸ் ஏஞ்சல்ஸில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது. கீழே இருந்தவர்கள் தோற்றும் விடியும் வரைக்கும் போகவில்லை, அந்தப் பிந்திய ஓட்டத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கதைத்தபடி இருந்தார்களாம், பிறகு ஆறின கொத்தைச் சூடாக்கித் தின்றார்களாம். மூத்தவன் இன்றைக்கும் அந்த ஓட்டத்தைப் பற்றித்தான் கதைக்கிறான். படம் தனியே பார்த்தாலும் கூட்டமாகப் பார்த்தாலும் அதே படம், தம்பி. ஆட்டம் அப்படி இல்லை.

இன்னொரு விஷயம். பேஸ்போலில் ஒரு அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. 2025இல் கிண்ணம் வாங்கிய டொட்ஜர்ஸ் அதில் 69 தோற்றது, ஜேய்ஸ் 68தான் தோற்றது. 2024இல் சிக்காகோ வைற் சொக்ஸ் 121 தோல்வி கண்டு நவீன காலத்தின் மிக மோசமான அணி என்று பெயர் எடுத்தது, அதற்குள்ளும் 41 நாள் வென்ற அணிதான் அது. பத்துத் தரம் அடிக்கப் போய் மூன்று தரம் சரியாக அடிப்பவன் அங்கே பெரிய ஆள். தோல்வி பொறுக்க முடியாது என்கிறவன் பேஸ்போலில் எந்த அணியின் பக்கம் போனாலும் கிழமைக்கு இரண்டு தரமாவது வாயைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். எனவே வெல்லுகிற அணி, தோற்கிற அணி என்று கோடு போட்டுப் பிரிப்பதே அரைகுறைக் கணக்கு. எங்கள் கிரிக்கெட்டிலும் அப்படித்தான், 1996இல் உலகக் கிண்ணத்தை வென்ற நாடுதான் 2023 உலகக் கிண்ணத்தில் மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டத்துக்குச் சுருண்டது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் யார் யார் எந்த அணிக்குக் கை தட்டினார்கள் என்பது தனிக் கதை. அதை இங்கே இழுத்தால் நீங்கள் கடிதத்தைப் போடமாட்டீர்கள்.

இளையவனுக்கு நான் ஒன்று சொன்னேன். நீ மாறிப் போய்ச் சேர்ந்த டொட்ஜர்ஸ் முதலில் நியூயோர்க்கில் புரூக்லின் என்ற இடத்தின் அணி, தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. 1941, 1947, 1949, 1952, 1953 என்று இறுதிக்கு வந்து வந்து அதே நகரத்து யாங்கீஸிடம் தோற்ற அணி அது. அடுத்த வருடம் பார்ப்போம் என்பது புரூக்லின்காரரின் வாயில் எப்போதும் இருந்த பேச்சு. 1955இல் ஒருவழியாக யாங்கீஸை வென்றார்கள். இரண்டே வருடம். 1957 பருவம் முடிய, முதலாளி அணியைத் தூக்கிக்கொண்டு நாட்டின் மற்றக் கரைக்கு, லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டார். அத்தனை தோல்வியிலும் கூட நின்ற சனத்துக்குக் கிடைத்த பரிசு வெறும் மைதானம், அதையும் சில வருடத்தில் இடித்து வீடு கட்டினார்கள். ரசிகன் மாறினால் துரோகி, முதலாளி மாறினால் வியாபாரம்.

இங்கேதான் எங்கள் ஊர்க் கழகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் கடலோரம். 1990இல் சண்டையால் ஊரை விட்டு எழும்பினோம். மைதானம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. ஊர்ச் சனம் மல்லாகத்து முகாம்களிலும் மானிப்பாய், இணுவில் பக்கம் வாடகை வீடுகளிலுமாகச் சிதறிக் கிடந்தது. ஆனால் கழகம் இருந்தது. பயிற்சிக்கு இடமில்லாமல் நெல் வெட்டிய வயலில் அடிக்கட்டை காலில் குத்தக் குத்த ஓடினார்கள். உதைபந்தாட்டத்துக்கு ஒழுங்கான சப்பாத்து அணியில் பாதிப் பேருக்கு இல்லை, ஆளை மாற்றும்போது சப்பாத்தையும் கழற்றி மாற்றுவார்கள், அளவு சரியில்லாதவன் முன்பக்கத்தில் பேப்பரை அடைத்துக்கொள்வான். (உங்கள் பேப்பர்தானா என்று கேட்காதீர்கள்.) அப்படிப்பட்ட அணி எப்படி வெல்லும்? பெரும்பாலும் தோற்றது. மைதானமும் வசதியும் உள்ள ஊர்க் கழகங்களிடம் நாலு, ஐந்து கோல் வாங்கிக்கொண்டு திரும்பும்.

அந்தத் தோல்விகளைப் பார்க்க மழையிலும் வெயிலிலும் சைக்கிள் உழக்கிக்கொண்டு சனம் போனது. ஏனென்றால் ஊர் என்று ஒன்று வேறெங்கும் கூடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்றபடி யாருடைய மகளுக்குச் சம்பந்தம் சரிவந்தது, யார் கொழும்புக்குப் போயிருக்கிறார், யார் செத்துப்போனார் என்று எல்லாம் அங்கேதான் தெரியவரும். கோல் விழும்போது கொஞ்ச நேரம் பேச்சு நிற்கும், பிறகு விட்ட இடத்தில் தொடரும். புரூக்லினில் சனம் இருக்க அணி போனது, இங்கே மண் போக அணி சனத்தோடு நின்றது. அந்த அணியை, தொடர்ந்து தோற்கிறதே என்று விட்டுவிட்டு, தங்கியிருந்த ஊரின் சாம்பியன் கழகத்துக்குக் கை தட்டப் போவதா? அந்தக் கழகத்துக்காரர் நல்லவர்கள், எங்களுக்குப் பந்து தந்தவர்கள், அது வேறு. 2015க்குப் பிறகு காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட, மைதானம் இருந்த இடத்தில் ஆளுயரப் பற்றை. முதலில் அதை வெட்டப் போனவர்கள் தங்கள் வீட்டு வளவைத் துப்புரவாக்குவதற்கு முன்னமே போனார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் கெட்டிக்காரப் பொடியன்கள் சிலரை வசதியான கழகங்கள் கூப்பிட்டன, அவர்களும் போனார்கள். ஊரில் ஒருவரும் அவர்களைத் திட்டவில்லை. விளையாடுகிறவனுக்கு வயது போகும், முழங்கால் போகும், ஐந்தாறு வருடத்துக்குள் எதையாவது செய்து காட்ட வேண்டும். அவன் மாறுவதில் நியாயம் இருக்கிறது. பார்க்கிறவனுக்கு அப்படி என்ன அவசரம்? எனக்கு இன்னும் முப்பது வருடம் கதிரையில் இருந்து பார்க்கலாம், முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது.

இவ்வளவும் சொன்னதால், என்ன நடந்தாலும் அணியின் காலடியில் கிடக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். சிக்காகோ கப்ஸ் 1908இல் வென்றபின் 2016 வரை வெல்லவில்லை, 108 வருடம். 2016இல் இறுதிக்கு வந்தபோது சனம் அந்த அணியின் ரிக்லி மைதானத்தின் வெளிச்சுவர்ச் செங்கலில் சோக்கால் செத்துப்போன அப்பா, தாத்தாக்களின் பெயரை எழுதியது. படத்தைப் பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் மற்றப் பக்கமும் இருக்கிறது. 1980களுக்குப் பிறகு அணி எப்படி ஆடினாலும் அந்த மைதானம் பெரும்பாலும் நிறைந்தே இருந்தது. தோற்றாலும் ரிக்கெற் விற்கிறது, பியர் விற்கிறது என்றால் நல்ல வீரனை வாங்க முதலாளிக்கு என்ன கஷ்டகாலம்? ரசிகனின் பாசத்தை முதலாளி வருமானமாக எழுதிக்கொள்கிறார். அந்த இடத்தில் விசுவாசம் அணிக்கு உதவி செய்யவில்லை, கெடுதல்தான் செய்தது என்று எனக்குப் படுகிறது.

ஓக்லண்ட்காரர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 1968இலிருந்து கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்தில் இருந்த ஏத்லெற்றிக்ஸ் என்ற பேஸ்போல் அணியின் முதலாளி நல்ல வீரர்களை ஒவ்வொருவராக விற்று, அணியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோக ஒழுங்கு செய்தார். சனம் மைதானத்துக்குப் போவதை நிறுத்தியது. ஆட்கள் வருவதில்லை, அதனால்தான் போகிறோம் என்றார்கள். உடனே 2023 ஜூன் 13 அன்று ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு ரசிகர்கள் சொல்லி வைத்து 27,759 பேர் வந்து, பச்சைச் சேர்ட்டில், "விற்றுவிடு, விற்றுவிடு" என்று முதலாளியைப் பார்த்து ஆட்டம் முழுக்கக் கத்தினார்கள். அணிக்கு ஆதரவு, முதலாளிக்கு எதிர்ப்பு, இரண்டும் ஒரே தொண்டையால். அந்த வருடம் 112 ஆட்டம் தோற்ற அந்த அணி அன்றைக்கு வென்றதும் ஒரு வேடிக்கை. கடைசியில் பலிக்கவில்லை, 2024 செப்டெம்பரோடு அணி போய்விட்டது, லாஸ் வேகாஸில் மைதானம் எழும்பும்வரை சக்ரமென்ரோவில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடுகிறது. இப்போது ஓக்லண்டில் ஒருவன் வேறு அணிக்கு மாறினால் அவனை யார் என்ன சொல்ல முடியும்? அவன் எங்கும் போகவில்லை, அணிதான் போனது.

ஆகவே தம்பிக்கு என் பதில் இதுதான். அணி தோற்கிறது என்பதற்காக விடாதே. அணியை வைத்திருக்கிறவர்கள் உன்னை முட்டாளாக்குகிறார்கள் என்றால் காசைக் கொடுக்காதே, ரிக்கெற் வாங்காதே, சேர்ட் வாங்காதே, ஆனால் முடிவைக் கேட்டுக்கொண்டிரு. உண்மையாகவே மனம் விட்டுப்போனால் போ, ஒருவரும் கட்டி வைக்கவில்லை. போகிறவன் நேரே சாம்பியனின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டாதே, அதுதான் பார்க்கச் சகிக்காது. ஒன்றிரண்டு வருடம் சும்மா இரு, அல்லது உன் பழைய அணிக்கும் கீழே கிடக்கிற ஒன்றைப் பார். இளையவனுக்கும் இதைத்தான் சொன்னேன். அவன் இப்போது இரண்டு தொப்பி வைத்திருக்கிறான், ஆளைப் பார்த்துத் தொப்பியை மாற்றுகிறான் என்று அக்கா சொல்லிச் சிரிக்கிறா.

தொப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள், N, Y என்ற இங்கிலீசு எழுத்துகள் பின்னிய தொப்பி எத்தனை தலையில் போகிறது என்று. அது 27 தரம் உலகத் தொடரை வென்ற நியூயோர்க் யாங்கீஸின் அடையாளம். ஒரு ஓட்டோக்காரத் தம்பியிடம் இது எந்த அணி என்று கேட்டேன், "அணியோ? இது மொடல் அண்ணை" என்றார். அவரோடு எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. தெரியாமல் சாம்பியனின் தொப்பியைப் போடுகிறவன் ஒருவனையும் விட்டுவிட்டு வரவில்லை.

எங்கள் பெயரிலேயே உள்ள அணியைச் சிலர் கேட்பீர்கள். லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் யாழ்ப்பாண அணி 2020, 2021, 2022, பிறகு 2024 என்று நாலு தரம் வென்றது. நடுவில் முதலாளி மாறி, ஸ்ராலியன்ஸ் என்ற பெயரும் கிங்ஸ் ஆனது. சந்தோசம்தான், எங்கள் மத்திய கல்லூரிப் பொடியன் வியாஸ்காந்த் அந்த அணியில் பந்து போட்டபோது நானும் கத்தினேன். ஆனால் அந்த வெற்றிகளில் ஒன்றும் யாழ்ப்பாண மண்ணில் வரவில்லை. நாளைக்கு அது நாலு வருடம் தொடர்ந்து தோற்றால் எத்தனை பேர் கூட நிற்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. வடக்கின் பெரும் போர் என்கிற பள்ளிக் கிரிக்கெட் ஆட்டத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் அந்தப் பயம் இல்லை, தோற்ற பக்கத்துக்காரர்தான் அடுத்த வருடம் முதலில் வந்து கூடாரம் போடுகிறார்கள்.

கடைசியாக ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் உதைபந்தாட்ட முடிவு போடும்போது வென்ற கழகத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, கோல் அடித்தவர்கள் எல்லாரையும் வரிசையாகச் சொல்லி, படமும் போடுகிறீர்கள். தோற்ற கழகம் கடைசி வரியில், சில நேரம் எழுத்துப் பிழையோடு. அந்தப் பக்கத்தில் கோல் காப்பாளர் நாலு பந்தைப் பாய்ந்து பிடித்திருப்பார், ஒரு பதினாறு வயதுப் பொடியன் முதல் தரம் ஆடியிருப்பான். அதற்கும் இரண்டு வரி தாருங்கள், அந்த ஊரிலும் பேப்பர் வாங்குகிற ஆட்கள் இருக்கிறோம். அடுத்த ஆட்டத்தின் நாளையும் சரிபார்த்துப் போடுங்கள். போன முறை எங்கள் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைச் சனிக்கிழமை என்று போட்டுவிட்டீர்கள், வவுனியாவில் இருந்து பஸ் ஏறி வந்த இரண்டு பெரியவர்கள் மாடு மேய்கிற மைதானத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிறு வரைக்கும் தங்கி நின்று, மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இப்படிக்கு,
வலிகாமம் வடக்கு வாசகர் ஒருவர்